முன் பாத்திக்கு ஒரு பந்தயம்

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரண்டாவது காபியின் கடைசி வாயைக் குடித்துவிட்டு, மதிவாணன் ஒரு முடிவெடுத்தார். முடிவெடுப்பது அவருக்குப் புதிதல்ல. எடுத்த முடிவு சாயங்காலம் வரை உயிரோடு இருந்தால்தான் அந்த வீட்டில் அது செய்தி.

"இந்த வருஷம் முன் பாத்தியில பாப்பி போடப்போறேன்," என்றார்.

முன் பாத்தி லேசுப்பட்ட இடமில்லை. நெய்வேலி குவார்ட்டர்ஸ்களில் வீடு சின்னது, தோட்டம் பெரியது. பின்பக்கம் முழுக்க மாவும் பலாவும் நிழலை விரித்துக்கொண்டு நிற்கும். தரையில் வெயில் விழுகிற இடம் என்று பார்த்தால், கேட்டிலிருந்து வாசற்படி வரை நீளும் அந்த ஒரு பாத்திதான். ரோட்டில் போகிறவர் வருகிறவர் கண்ணில் படுவதும் அதுதான். அதில் மதிவாணனின் இஷ்டப்படி இதுவரை எதுவும் நிலைத்ததில்லை. ரோஜா வைத்தார், முள் புடவையைக் கிழிக்கிறது என்று போயிற்று. புல்தரை போட்டார்; அதன்மேல் வடகம் காய்ந்தது. வடகத்துக்கு முன்னால் புல்தரை எம்மாத்திரம்?

அந்த குவார்ட்டர்ஸ், மனைவி பொற்கொடியின் பேரில் அலாட் ஆனது. அவள் நிலக்கரிக் கம்பெனி ஸ்டோர்ஸில் பெர்மனென்ட். கால் நூற்றாண்டாக நட்டு, போல்ட்டு, பேரிங் எது எந்த அலமாரியில் எத்தனை இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். மதிவாணன் ஆறு வருஷம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் திரும்பி, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார். அங்கே கோடை வந்தால் ரோட்டோரமெல்லாம் பாப்பி சிவப்பாகச் சிரித்துக்கொண்டு நிற்கும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல் பூக்கிற பூ. மதிவாணனை மயக்கியது அந்த ஒரு குணம்தான்.

"பாப்பின்னா என்னாங்க?" என்றாள் பொற்கொடி, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே.

"பூ. விதை போட்டா ஒரே சீசன்ல முளைச்சு, பூத்து, முடிஞ்சுடும். ஷெர்லி பாப்பி."

"ஷெர்லியா? யாரு அது?"

"யாரும் இல்ல. அந்த ரகத்தோட பேரு."

"போன வாரம் பூரா போன்ல ஷெர்லி ஷெர்லினு தேடிக்கினு இருந்தது இதுக்குத்தானா? நான் உங்க பழைய ஆபீஸ்ல யாரோன்னு இல்ல நெனச்சேன்."

"நெனச்சவ ஏன் கேக்கல?"

"கேட்டா மறைப்பீங்க. சும்மா பாத்துக்கினு இருந்தா தானா வெளிய வரும்."

மதிவாணன் பேச்சை மறுபடி பாத்திக்கு இழுத்து வந்தார். பொற்கொடி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதுல தண்டுக்கீரை போடலாம்னு இருக்கேனே. அந்த மண்ணைக் கொத்தி விடுங்க, கொத்தி விடுங்கன்னு ரெண்டு வருஷமா தொண்டை கிழியக் கத்தினேன். தார் ரோடு மாதிரி கெடக்குது."

"கீரையைப் பின்னாடி போடு."

"நெழல்ல கீரை வருமா? வெயில் வேணும்."

"பாப்பிக்கும் வெயில் வேணும்!"

"பாப்பியைக் கடைஞ்சு சோத்துல போட்டுக்க முடியுமா?"

மதிவாணன் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி வாதாடி அவர் ஜெயித்ததில்லை. நின்றும் ஜெயித்ததில்லைதான், ஆனாலும் உயரம் ஓர் ஆறுதல்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இந்த வீட்டுல ஒரு விஷயம், ஒரே ஒரு விஷயம், என் முடிவுப்படி நடந்திருக்கா?"

"ஏன், ஹாலுக்கு ஃபேன் நீங்க சொன்ன கலர்தானே?"

"நான் சொன்னது வெள்ளை. வந்தது பிரவுன்."

"பிரவுன் வேணாம்னு நீங்க சொல்லலியே."

அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். "சரி, ஒரு பந்தயம் வெச்சுக்கலாம்," என்றாள். "மாசி மாசம் நம்ம ப்ளாக் சங்கத்துல தோட்டப் போட்டி வருது இல்ல? ஜட்ஜ் வர்ற அன்னிக்கு இந்த வூட்டுல பாப்பியை யாரு பூக்க வெச்சிருக்காங்களோ, முன் பாத்தி காலத்துக்கும் அவங்களுக்கு. தோத்தவங்க, ஜெயிச்சவங்க சொல்றதை நட்டுத் தண்ணி ஊத்தணும். வாயைத் தெறக்கக் கூடாது."

"யாரு பூக்க வெச்சிருக்காங்களோன்னா? போடப்போறது நான் ஒருத்தன்தானே!"

"அதத்தான் நானும் சொல்றேன். சரிங்க."

பொற்கொடியிடம் மூன்று விதமான சரி உண்டு. 'சரி' என்றால் சரி. 'சரி சரி' என்றால் போதும், எழுந்து போங்கள். 'சரிங்க' என்றால் என்ன பொருள் என்று இத்தனை வருஷத்தில் அவருக்கு முன்கூட்டியே தெரிந்ததில்லை. எப்போதும் பின்னால்தான் தெரியும்.

விதை கூரியரில் வந்தது. ஒரு சிட்டிகைப் பொடி. தும்மினால் தோட்டமே போய்விடும். குளிர் கண்டால்தான் இந்த விதைக்கு உறக்கம் கலையும், ஆகவே விதைக்கும் முன் கொஞ்ச நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று இணையத்தில் எழுதியிருந்தது. நெய்வேலியில் குளிர் என்றால் மார்கழி விடியலில் மப்ளர் கட்டிக்கொள்வதோடு சரி. எனவே பொட்டலம் ஃபிரிட்ஜுக்குள், முட்டைகளுக்குப் பக்கத்தில் குடியேறியது.

மறுநாள் பக்கத்து வீட்டு வேணு, ஷிப்ட் முடிந்து வந்த கையோடு வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"அண்ணே, பாப்பின்னா கசகசாச் செடிதானாமே? அபின் எடுப்பாங்களாமே? போலீஸ் வந்துடப் போவுது!"

"அது வேற ஜாதி, வேணு. அதை வளர்த்தா கேஸுதான். இது அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. வெறும் அழகு. ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது."

"அப்ப சரி. ஆனா எங்க வூட்டுல உங்க வூட்டம்மாகிட்ட விசாரிச்சாளாம். 'பாப்பி வருதோ இல்லியோ, கீரை வரும்'னு சொல்லிட்டுச் சிரிச்சாங்களாம்."

மதிவாணனுக்கு உச்சந்தலையில் ஒரு பல்பு எரிந்தது. ஆகா! விதையை மாற்றப்போகிறாள். பாப்பிப் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டுக் கீரை விதையைப் போட்டு வைக்கப்போகிறாள். இது தெரியாமல் நாம் கீரையை விதைத்து, மாசி மாசம் அசடு வழிய நிற்போம். பொற்கொடி, உன் திட்டம் பலிக்காது!

சைக்கிளை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பம் போய், விதைக்கடையில் சிவப்புத் தண்டுக்கீரை விதை ஒரு சிட்டிகை வாங்கினார். உள்ளங்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இதுவும் கறுப்புப் பொடி, அதுவும் கறுப்புப் பொடி. கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்; அவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதைவிட என்ன வேண்டும்? பாப்பிப் பொட்டலத்துக்குள் கீரை விதையைக் கொட்டி மடித்து, முட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். அசல் பாப்பியைக் காகிதத்தில் சுருட்டி, தம் பழைய கண் சொட்டு மருந்து டப்பாவுக்குள் திணித்து, ஃபிரிட்ஜ் கதவில் தக்காளி சாஸுக்குப் பின்னால் நிறுத்தினார்.

இனி அவள் மாற்றட்டும். கீரையை எடுத்துவிட்டுக் கீரையை வைக்கட்டும்!

ஒரு வாரம் போனது. காலையில் பால் எடுக்கப்போனவர் பொட்டலத்தைப் பார்த்தார். அவர் வலது பக்கமாக மடித்திருந்தார். இப்போது இடது பக்கம் மடிந்திருந்தது. மதிவாணன் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் ஆடினார். அன்றைக்கு நாலாவது தோசை கேட்டார்.

"என்ன, இன்னிக்கு நாலு?"

"மனசு நல்லா இருக்கு, பொற்கொடி."

"சரிங்க," என்று வார்த்தாள் அவள்.

கார்த்திகையில் மழை விட்டதும் மதிவாணன் மண்வெட்டியைத் தூக்கினார். தார் ரோடு என்று அவள் சொன்னதில் மிகையில்லை. முதல் வெட்டில் மண்வெட்டிதான் துள்ளியது. விடவில்லை. கல் பொறுக்கினார், கட்டி உடைத்தார், மக்கிய எரு கலந்தார், பலகையால் சமன் செய்தார். உள்ளங்கையில் கொப்புளம், இடுப்பில் பிளாஸ்டர். முடிந்தபோது பாத்தி சலித்த மாவு போல இருந்தது. கண் மருந்து டப்பாவில் இருந்ததை யாரும் பார்க்காதபோது காய்ந்த மணலோடு கலந்து எடுத்து வந்து, நெற்றிக்கு விபூதி பூசுகிற பக்தியோடு தூவினார். வாசற்படியில் உட்கார்ந்து பொற்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல மண்ணு போட்டு மூடலியா?"

"மூடவே கூடாது. வெளிச்சம் பட்டாதான் முளைக்கும். பலகையால லேசா அமுக்கினா போதும்."

"தண்ணி?"

"ஊத்தக் கூடாது. கல்யாணத்துல பன்னீர் தெளிப்பாங்களே, அப்படித் தெளிக்கணும்."

"முளைச்சப்புறம் புடுங்கி வேற எடத்துல வெக்கலாமா?"

"மூச்! வேர் அசைஞ்சா செத்துடும். போட்ட எடத்துலயே வளரணும். நெருக்கமா இருந்தா மட்டும் நடுநடுவுல களைஞ்சு விடணும்."

"எவ்ளோ விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க!"

மதிவாணனுக்கு நெஞ்சு விம்மியது. தாம் சொன்னதை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஏன் கேட்கிறாள் என்று யோசிக்க வேண்டிய இடம். புகழுக்கு நடுவில் யாரால் யோசிக்க முடிகிறது?

ஃபிரிட்ஜிலிருந்து பொட்டலமும் காணாமல் போயிருந்தது. குப்பையில் போட்டிருப்பாள், போடட்டும்.

நாலே நாளில் பாத்தி பச்சை கட்டியது. "இங்கிலாந்துல ரெண்டு வாரம் ஆகும், வேணு! நம்ம மண்ணைப் பாரு! அடியில நிலக்கரி இருக்கு, சும்மாவா? கீழே இருந்து சூடு குடுக்குது!"

வேணு குனிந்து பார்த்தார். பிறகு இரும ஆரம்பித்தார். வெகுநேரம் இருமினார்.

"என்னாச்சு?"

"பவர் ஸ்டேஷன் சாம்பத் தூசிண்ணே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளே போன பிறகும் இருமல் கேட்டது. அவர் மனைவியும் சேர்ந்து இருமினாள்.

படத்தில் இருந்த பாப்பி இலை சீப்புப் பல் மாதிரி வெட்டு வெட்டாக இருந்தது. இங்கே முளைத்தது அகலமாக, வெற்றிலைக்குத் தம்பி போல வந்தது. மதிவாணன் ஒரு முழு மாலைப்பொழுது அதைப் பற்றிச் சிந்தித்தார். நாட்டுக்கு நாடு மனுஷன் முகமே மாறுகிறது, இலை மாறாதா? சிந்தனை முடிந்தது.

களைந்து விடுகிற நாளும் வந்தது. செடிக்குச் செடி ஒரு சாண் விட்டு மற்றதையெல்லாம் பிடுங்க வேண்டும். ஒவ்வொன்றிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடி பிடுங்கினார். பொற்கொடி முறத்தோடு வந்து நின்றாள்.

"குப்பையில போடாதீங்க. இதுல போடுங்க."

"உனக்கெதுக்கு?"

"நீங்க பெத்த புள்ள மாதிரி வளத்தது. குப்பையில போட மனசு வருமா?"

அவள் மனம் இப்படி இளகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டில் கீரைக் கடைசல். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

"என்னா இளசு! எங்க வாங்கினே?"

"வாசல்லயே கெடைச்சுது."

"அந்தக் கீரைக்காரங்களை வுட்டுடாதே."

"எங்க போயிடப் போறாங்க?" என்றாள் பொற்கொடி, இன்னொரு கரண்டி ஊற்றி.

அந்தக் குளிர்காலம் முழுக்க மதிவாணன் உழைத்தார். விடிகாலைப் பனியில் மப்ளரோடு போய், இலையில் படிந்த சாம்பல் தூசியை ஈரத்துணியால் துடைத்தார். ஆட்டைத் துரத்தினார். நாயைத் துரத்தினார். நடுநடுவே நெருக்கத்தைக் களைந்துகொண்டே இருந்தார். வாசலில் கீரையும் கிடைத்துக்கொண்டே இருந்தது. மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகச் சொன்னால் மட்டும் அவருக்கு முழங்கால் வலிக்கும். போன வருஷத்திலிருந்தே அந்த வலி உண்டு. துணி வாளியைப் பார்த்தால் வரும், வாளி மேலே போனதும் போய்விடும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பொற்கொடியே மாடிக்குப் போய்வந்தாள். அவ்வளவு துணி வீட்டில் ஏது என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் வாளி கைக்கு வந்துவிடும்.

தை பிறந்ததும் தண்டுகளில் சிவப்பு ஏறியது. மதிவாணன் கத்தினார்: "பொற்கொடி! ஓடி வா! கலர் தெரியுது! பூவோட கலர் தண்டுலயே ஏறிடுச்சு!"

பொற்கொடி வந்து பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "கண்ணு பட்டுடப் போவுதுங்க," என்றாள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை காலை ஜட்ஜ் வந்தார். வேளாண்மைக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மா. கூடவே சங்கச் செயலாளர். மொட்டு இன்னும் வரவில்லையே என்று மதிவாணனுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டையோடு பாத்தி ஓரத்தில் நின்றார். எப்படியும் இன்றைக்குள் ஒன்றாவது வெடிக்கும்.

அந்த அம்மா கேட்டுக்குள் ஓரடி வைத்ததும் நின்றுவிட்டார். "இதை யார் வளர்த்தது?"

"நான்தாங்க."

"ஒரு இலையில ஓட்டை இல்ல. தூசி இல்ல. ஒரு சாண் இடைவெளி, அளந்து வெச்ச மாதிரி. என் சர்வீஸ்ல நான் இப்படிப் பாத்தது இல்ல."

மதிவாணனுக்குக் கால் தரையில் படவில்லை.

"சிவப்புத் தண்டுக்கீரைன்னா இப்படித்தாங்க இருக்கணும்!" என்று முடித்தார் அந்த அம்மா.

மதிவாணன் பாத்தியைப் பார்த்தார். பாத்தி அவரைப் பார்த்தது. முதல் கடைசல், பொங்கலுக்குப் போட்ட தண்டுச் சாம்பார், நேற்று ராத்திரிப் பொரியல் என்று ஒவ்வொன்றாக நெஞ்சுக்குள்ளிருந்து எழுந்து வணக்கம் சொல்லின. வேலிக்கு அந்தப் பக்கம் வேணுவுக்கு மறுபடி இருமல் கண்டது.

"மேடம், மாடியிலயும் கொஞ்சம் பூ இருக்கு. வந்து பாக்கறீங்களா?" என்றாள் பொற்கொடி.

பூ என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், மதிவாணன் எல்லாரையும் முந்திக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பழைய பெயிண்ட் வாளிகள் வரிசையாக நின்றன. வாளிக்கு நாலைந்தாகப் பாப்பி. ஈரப் பட்டுத்துணியைக் கசக்கி உதறினாற்போன்ற இதழ். காம்பு மட்டும் நூல் போல மெலிசாக. தூரத்தில் பவர் ஸ்டேஷன் புகைபோக்கிகள் நிற்க, காலைக் காற்றில் அத்தனையும் சிவப்பாகத் தலையாட்டின. மதிவாணன் மூச்சு வாங்க நின்றார். ஆறு வருஷம் தனியாக நடந்த ரோட்டோரம் முழுவதும் அவர் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு நிமிஷம் அவருக்குத் தோற்றது கூட ஞாபகத்தில் இல்லை.

"காய்கறித் தோட்டத்துக்கும் முதல் பரிசு, பூவுக்கும் முதல் பரிசு," என்றார் அந்த அம்மா. செயலாளர் பேனாவை எடுத்தார். "பரிசு குவார்ட்டர்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்லதான். பொற்கொடி, ஸ்டோர்ஸ். சரிதானே?"

"சரிங்க," என்றாள் பொற்கொடி.

அவர்கள் போன பிறகு இருவரும் மாடியில் தனியாக நின்றார்கள்.

"கண் மருந்து டப்பா…" என்று ஆரம்பித்தார் மதிவாணன்.

"உங்க கண் மருந்து தீந்துபோயி எத்தினி மாசம் ஆச்சு? காலி டப்பாவை யாராவது குளுர வெப்பாங்களா? ஸ்டோர்ஸ்ல இருக்கறவ நான். அலமாரியில ஒண்ணு கூடினாலும் தெரியும், கொறைஞ்சாலும் தெரியும். தெறந்து பாத்தேன். பொட்டலத்தையும் தெறந்து பாத்தேன். கீரை விதை எனக்குத் தெரியாதா?"

"நீதான் கீரை விதையை மாத்தி வெக்கப்போறேன்னு…"

"நான் அப்படி நெனைக்கவே இல்லீங்க. நீங்களே வாங்கிக்கினு வந்து வெச்சுட்டீங்க. அப்பறந்தான் எனக்கே யோசனை வந்துது. நான் பண்ணதெல்லாம், இதுல இருந்ததை அதுலயும் அதுல இருந்ததை இதுலயும் வெச்சதுதான்."

"சரி, மடிப்பை ஏன் மாத்தி மடிச்சே? அதைப் பாத்துதானே நான் ஏமாந்தேன்!"

"நீங்க பாத்து சந்தோஷப்படட்டும்னுதான்."

மதிவாணன் வாளி ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வாதத்தில் ஓர் ஓட்டை தென்பட்டது. கடைசித் துரும்பாக அதைப் பற்றினார்.

"மாடியில இவ்ளோ வெயில் இருக்கே. கீரையை ஆரம்பத்துலயே இங்க வாளியில போட்டிருக்கலாம் இல்ல?"

"போட்டிருக்கலாம். அப்பறம் முன் பாத்தியை யாரு கொத்தறது?"

பவர் ஸ்டேஷன் பக்கமிருந்து சங்கு ஊதியது. அவருக்காகவே ஊதியது போலிருந்தது. மனசைத் தேற்றிக்கொண்டு, தோற்றவருக்குரிய மரியாதையோடு கேட்டார்.

"சொல்லு. பாத்தி உன்னோடது. அடுத்த வருஷம் என்ன நடணும்?"

"பாப்பி."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். ஷெர்லி நல்லா இருக்கா. ரோட்டுல போறவங்களும் பாக்கட்டுமே."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் ஆசைப்பட்டது முன் பாத்தியில் பூக்கப்போகிறது. முடிவு மட்டும்தான் அவருடையதில்லை. ஆனாலும் பூ பூதானே?

"அப்ப உன் கீரை?" என்றார்.

"அதை மேல மாத்திடலாம். நீங்கதான் படி ஏறறதுல அந்த ஓட்டம் ஓடறீங்களே! காலையில ரெண்டு வாளி தண்ணி, சாயந்தரம் ரெண்டு வாளி. வரும்போது அப்படியே துணியையும் எடுத்துக்கினு வந்து காயப்போட்டுடுங்க."